கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி: பெயரில் இருக்கும் கோட்டை எங்கே?

கீழைக்காற்று (கேள்வி)

அலுவல் காரணமாகக் கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள டுராங்கோ நகரத்தில் சில நாட்கள் தங்க நேர்ந்தது. நகரத்துக்குக் கிழக்கே, உச்சி தட்டையாக விரிந்த ஒரு மேட்டுநிலத்தின் மேல் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி இருக்கிறது. மணற்கல் முகப்புள்ள கட்டடங்களும், கீழே நகரத்தையும் ஆற்றையும் பார்க்கும் காட்சியும் மிக அழகாக இருந்தன. ஆனால் எவ்வளவு சுற்றியும் கோட்டை என்று சொல்லத்தக்க எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு மதிற்சுவர்கூட இல்லை.

அங்கே சந்தித்த ஒருவர், அமெரிக்கப் பூர்வகுடி மாணவர்கள் இக்கல்லூரியில் கல்விக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்றும், அதற்கும் அந்தக் கோட்டைக்கும் தொடர்பு உண்டு என்றும் சொன்னார். விளக்கம் கேட்பதற்குள் அவர் புறப்பட்டுவிட்டார். எல்லைப்புறப் படைத்தளம் ஒன்று எப்படிக் கல்லூரியாயிற்று? லூயிஸ் என்பது லூயிஸ், கிளார்க் என்று வரலாற்றில் இணைத்துச் சொல்லப்படும் அந்தப் பயணியின் பெயர்தானா? கட்டணமின்மை என்பது அரசின் நலத்திட்டமா, வேறு ஏதேனுமா? அறிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் மகிழ்வேன்.

---

பாசறைப்பித்தன்

நீங்கள் தேடிய கோட்டை டுராங்கோவில் ஒருபோதும் இருந்ததில்லை. இந்தப் படைத்தளம் முதலில் ஓரிடத்திலும் பிறகு வேறோரிடத்திலும் இருந்தது. கல்லூரியோ மூன்றாவது இடத்தில் இருக்கிறது. மூன்றுக்கும் பொதுவாக எஞ்சியது பெயர் மட்டுமே.

கோட்டை என்றவுடன் செஞ்சியையும் வேலூரையும் நினைத்துக்கொண்டு அகழியும் மதிலும் எதிர்பார்ப்பது நமக்கு இயல்பு. அமெரிக்க மேற்கில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த 'ஃபோர்ட்'களில் பெரும்பாலானவற்றுக்கு மதிலே கிடையாது. நடுவில் நீள்சதுரமான அணிவகுப்புத் திடல், அதன் ஒரு பக்கத்தில் அதிகாரிகளின் வீட்டு வரிசை, எதிர்ப்பக்கத்தில் படைவீரர் விடுதிகள், சற்றுத் தள்ளி மருத்துவமனை, கிடங்குகள், குதிரை லாயங்கள் என்பதே அதன் அமைப்பு. படையின் வேலை உள்ளே அடைந்து முற்றுகையைத் தாங்குவது அன்று. வெளியே நெடுந்தூரம் ரோந்து போவதுதான். ஆகவே தமிழில் அதைக் கோட்டை என்பதைவிடப் பாசறை என்றோ, பழைய வழக்கில் தண்டு என்றோ சொல்வது பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. அணிவகுப்புத் திடலைச் சுற்றிக் கட்டடங்கள் நிற்கும் இந்த அமைப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், புல்வெளியைச் சுற்றி வகுப்பறைகள் நிற்கும் கல்லூரி வளாகத்தின் சாயல் அதில் தெரியும். இத்தகைய தளங்கள் பின்னாளில் எளிதாகப் பள்ளிகளாக மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

லூயிஸ் நீங்கள் நினைத்தவர் அல்லர். இவர் 19வது காலாட்படையின் லெப்டினன்ட் கர்னல் வில்லியம் லூயிஸ். இன்றைய ஒக்லஹோமாவில் கட்டாயமாகக் குடியேற்றப்பட்டிருந்த வடக்குச் சேயன் என்னும் பூர்வகுடி மக்கள், 1878இல் அங்கிருந்து தப்பித் தங்கள் வடபுலத் தாயகத்தை நோக்கி நடந்தபோது, கன்சாஸில் அவர்களைத் துரத்திச் சென்று, அந்தச் செப்டம்பரில் நடந்த மோதலில் காயமுற்று இறந்தவர். கொலராடோவின் மலைகளுக்கும் இவருக்கும் தொடர்பில்லை. ஊர் திரும்ப முயன்றவர்களைத் தடுக்கப் போய் மாண்டவரின் பெயர், இன்று பூர்வகுடி மாணவர்கள் பெருமளவில் படிக்கும் ஒரு கல்லூரியின் வாயிலில் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே தோன்றும்.

தளம் 1878இல் பகோசா ஸ்பிரிங்ஸ் என்னும் வெந்நீரூற்றுப் பகுதியில் தொடங்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1873இல் ஏற்பட்ட புருனோ உடன்பாட்டின்படி, சான் வான் மலைப்பகுதியை அங்கு வாழ்ந்த யூட் என்னும் பூர்வகுடி மக்கள் விட்டுக்கொடுக்க நேர்ந்திருந்தது. வெள்ளியும் தங்கமும் தேடிச் சுரங்கக்காரர்கள் அங்கே குவிந்தனர். குடியேறிகளையும் யூட் மக்களையும் ஒருவருக்கொருவர் எட்டத்தில் வைப்பதே படையின் வேலை என்று சொல்லப்பட்டது. பகோசாவில் இருந்த படையினரில் 9வது குதிரைப்படையைச் சேர்ந்த கறுப்பின வீரர்களும் உண்டு. 1879 செப்டம்பரில் வடக்கே ஒயிட் ரிவர் பகுதியில், யூட் மக்களை வலுக்கட்டாயமாக உழவர்களாக்க முனைந்த கூட்டரசு முகவர் நேத்தன் மீக்கரும் அவருடைய பணியாளர்களும் கொல்லப்பட்டனர். மாநிலமெங்கும் யூட்களை வெளியேற்றச் சொல்லும் கூச்சல் எழுந்தது. 1881இல் வடக்கிலும் நடுப்பகுதியிலும் இருந்த யூட் பிரிவினர் யூட்டா பகுதிக்குத் துரத்தப்பட்டனர். தெற்கு யூட்களுக்கு மட்டும் மாநிலத்தின் தென்விளிம்பில் ஒரு குறுகிய நிலப்பட்டை எஞ்சியது.

இந்தச் சூழலில்தான் 1880இல் தளம் மேற்கே நகர்ந்து, டுராங்கோவுக்கு மேற்கே ஹெஸ்பெரஸ் அருகில், லா பிளாட்டா ஆற்றங்கரைக்கு வந்தது. அதே ஆண்டில் டென்வர் ரியோ கிராண்டே ரயில் நிறுவனம் டுராங்கோவை உருவாக்கியது; 1881இல் தண்டவாளமும் வந்து சேர்ந்தது. ரயில் வந்ததும் படையைத் தேவைப்படும்போது விரைந்து கொண்டுவர முடிந்தது. எனவே ஆங்காங்கே சிறு தளங்களை வைத்துச் சோறு போட வேண்டிய தேவை குறைந்தது. பத்தாண்டுகளுக்குள் இங்கே காவல் காக்க எதுவும் மிஞ்சவில்லை. 1891இல் ராணுவம் தளத்தைக் கைவிட்டது.

---

வடம்பிடி

கட்டணமின்மை பற்றி மட்டும் ஒரு வரி. அது நம்மிடம் உள்ள இட ஒதுக்கீட்டைப் போன்ற ஓர் ஏற்பாடுதான் என்று படித்திருக்கிறேன். பின்தங்கிய மக்களுக்கு அரசு தரும் சலுகை.

---

ஏட்டுக்கட்டு

வடம்பிடி அவர்கள் சொன்னதை மறுக்க வேண்டியிருக்கிறது. இது சலுகையும் அன்று, இட ஒதுக்கீடும் அன்று. இட ஒதுக்கீடு என்பது சேர்க்கையில் பங்கு தருவது. இங்கே சேர்க்கைத் தகுதி எல்லோருக்கும் ஒன்றே. கொலராடோ மாநிலம் ஒரு நிலத்தைப் பெற்றுக்கொண்டபோது அதற்கு ஈடாக ஏற்றுக்கொண்ட கடனே இந்தக் கட்டண விலக்கு. கதையை இடையில் விட்ட இடத்திலிருந்து சொன்னால்தான் இது விளங்கும்.

ராணுவம் வெளியேறிய இடத்தில் நேரடியாகக் கல்லூரி வந்துவிடவில்லை. நடுவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே இருந்தது பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான கூட்டரசு உறைவிடப் பள்ளி. இதற்கு முன்மாதிரி, ராணுவ அதிகாரியான ரிச்சர்டு ஹென்றி பிராட் 1879இல் பென்சில்வேனியாவின் கார்லைல் படைத்தளத்தில் தொடங்கிய பள்ளி. அதன்பின் 1882இல் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், காலியான படைத்தளங்களைப் பூர்வகுடி இளைஞர்களுக்கான தொழிற்பள்ளிகளுக்கு ஒதுக்கலாம் என்று அனுமதித்தது. கட்டடம் இருக்கிறது, படுக்கைக் கூடம் இருக்கிறது, சமையற்கூடம் இருக்கிறது, ஊரை விட்டு எட்டத்திலும் இருக்கிறது. அதிகாரிகளின் கணக்கில் செலவு மிச்சம். மொன்டானாவில் ஃபோர்ட் ஷா, அரிசோனாவில் ஃபோர்ட் மொஹாவே என்று பல தளங்கள் இவ்வாறே பள்ளிகளாயின. ஃபோர்ட் லூயிஸ் பள்ளி 1892இல் தொடங்கியது.

பிள்ளைகளின் கண்ணிலிருந்து இதைப் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தங்கள் பெற்றோரைக் கண்காணிக்க வந்த படையின் விடுதியிலேயே அவர்கள் படுத்தனர். அணிவகுப்புத் திடலில் மணியோசைக்கு வரிசையில் நின்றனர். முடி வெட்டப்பட்டது, சீருடை தரப்பட்டது, தாய்மொழி பேசத் தடை இருந்தது. பாதி நாள் பாடம், பாதி நாள் பண்ணையிலும் சலவையிலும் சமையலிலும் உழைப்பு. கண்களைக் கெடுக்கும் ட்ரக்கோமா நோய் பரவியது. தெற்கு யூட் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அனுப்பப் பெரிதும் மறுத்தனர். 1880களில் நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கி பள்ளிக்கு அனுப்பப்பட்ட யூட் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் உயிருடன் திரும்பவில்லை என்பது அவர்கள் நினைவில் இருந்தது. ஆகவே நவாஹோ முதலிய பிற சமூகங்களின் பிள்ளைகளைக் கொண்டே பள்ளி நிரப்பப்பட்டது. 1903இல் டென்வரின் ஒரு நாளேட்டில், பள்ளியின் கண்காணிப்பாளர் மாணவியரிடமும் பெண் பணியாளர்களிடமும் நடந்துகொண்ட விதம் பற்றிக் கடுமையான குற்றச்சாட்டுகள் வெளியாயின. அவர் பதவியிலிருந்து நீங்கினார். அதற்குப் பின்னும் பள்ளி சில ஆண்டுகள் நடந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஊருக்கு வெளியே தொலைவில் உள்ள உறைவிடப் பள்ளிகளில் சிலவற்றைக் கைகழுவக் கூட்டரசு விரும்பியது. 1910 ஏப்ரலில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், ஃபோர்ட் லூயிஸ் சொத்தைக் கொலராடோவுக்குத் தர முன்வந்தது. நிபந்தனைகள் இரண்டு: அங்கே ஒரு கல்வி நிலையம் நடத்தப்பட வேண்டும், பூர்வகுடி மாணவர்கள் கல்விக் கட்டணமின்றி, வெள்ளை மாணவர்களுக்குச் சமமாகச் சேர்த்துக்கொள்ளப்பட வேண்டும். 1911 ஜனவரி 25 அன்று மாநில ஆளுநர் அந்த நிபந்தனைகளை ஏற்றுக் கையெழுத்திட்டார். மாநிலத்துக்குக் கிடைத்தது 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் அதன் மீதிருந்த கட்டடங்களும். ஒரு காசு விலையில்லை; விலை அந்த நிபந்தனைதான்.

மாநிலம் அங்கே முதலில் வேளாண் உயர்நிலைப் பள்ளி நடத்தியது. பிறகு கல்லூரி நிலைப் பாடங்கள் சேர்ந்து, 1933இல் இரண்டாண்டுக் கல்லூரியாகி, 1956இல் டுராங்கோவின் மேட்டுநிலத்துக்கு இடம் மாறி, 1960களில் நான்காண்டுப் பட்டக் கல்லூரியாயிற்று. இடம் மாறியபோது நிபந்தனையும் கூடவே மாறி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று மாணவர்கள் படிக்கும் வளாகம் 1911இல் கைமாறிய நிலம் அன்று. ஆயினும் கடமை நிலத்தோடு ஒட்டியதாக இல்லாமல் நிறுவனத்தோடு ஒட்டியதாகவே கருதப்பட்டது.

இந்தக் கடமையின் உண்மையான வலிமை 1970களில்தான் சோதிக்கப்பட்டது. கல்லூரி ஹெஸ்பெரஸ் அருகே பழைய இடத்தில் இருந்த காலத்தில் பூர்வகுடி மாணவர்கள் மிகச் சிலரே வந்ததால், கட்டண விலக்கு மாநிலக் கருவூலத்துக்குப் பெரிய சுமையாக இல்லை. 1960களில் எண்ணிக்கை உயர்ந்ததும், அவர்களில் பலர் அரிசோனா, நியூ மெக்சிகோ முதலிய பிற மாநிலங்களிலிருந்து வந்ததும் சட்டமன்றத்துக்கு உறுத்தியது. 1971இல், கொலராடோவில் வசிக்கும் பூர்வகுடி மாணவர்களுக்கு மட்டுமே விலக்கு என்று சட்டத்தைத் திருத்தியது. மாணவர்கள் நீதிமன்றம் சென்றனர். 1973இல் 10வது வட்டக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் நிபந்தனையோடு தர முன்வந்ததையும் மாநிலம் அதை ஏற்றதையும் சேர்த்துப் பார்த்தால் அது ஓர் ஒப்பந்தம். அதில் பூர்வகுடி மாணவர்கள் என்றே இருக்கிறது, இன்ன மாநிலத்தவர் என்ற வரம்பு இல்லை. ஒரு தரப்பு தன் விருப்பப்படி அதைச் சுருக்கிக்கொள்ள முடியாது என்பதே அதன் சாரம்.

நலத்திட்டமாக இருந்திருந்தால் அந்த 1971 திருத்தம் நின்றிருக்கும். ஒப்பந்தமாக இருந்ததால் விழுந்தது. வடம்பிடி அவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் வேறுபாடு இதுதான்.

---

வடம்பிடி

தெளிவாயிற்று, நன்றி. நான் படித்த குறிப்பு மேலோட்டமானதாக இருந்திருக்க வேண்டும். ஒரு சந்தேகம்: விலக்கு எல்லாச் செலவுக்கும் பொருந்துமா?

---

ஏட்டுக்கட்டு

இல்லை. கல்விக் கட்டணம் மட்டுமே. விடுதி, உணவு, புத்தகம், பிற கட்டணங்கள் அவரவர் பொறுப்பு. கூட்டரசு அங்கீகரித்த பழங்குடிச் சமூகத்தோடு தமக்குள்ள தொடர்பை மாணவர் சான்று காட்ட வேண்டும். அலாஸ்காவின் பூர்வகுடிகளும் இதில் அடங்குவர். விடுவிக்கப்படும் தொகையைக் கல்லூரிக்கு ஈடுசெய்வது கொலராடோ மாநிலம். பெரும்பான்மையான பயனாளிகள் பிற மாநிலத்தவர் என்பதால், கூட்டரசும் பங்கேற்க வேண்டும் என்று மாநிலத்தின் பிரதிநிதிகள் வாஷிங்டனில் மசோதாக்கள் கொண்டுவந்ததுண்டு.

---

நெடுவழி

இதை ஒத்த இரண்டு இடங்களைச் சேர்த்துச் சொல்கிறேன். ஒப்பிட்டுப் பார்த்தால் ஃபோர்ட் லூயிஸின் தனித்தன்மை துலங்கும்.

ஒன்று, கன்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஹேஸ். 1865இல் ஃபோர்ட் ஃபிளெட்சர் என்ற பெயரில் தொடங்கி, 1867இல் வெள்ளத்துக்குப் பின் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட தளம் இது. ரயில்பாதை போடுவோரையும் பயணிகளையும் காப்பது இதன் வேலை. ராணுவ அதிகாரி கஸ்டரின் 7வது குதிரைப்படையும் கறுப்பின வீரர்களின் 10வது குதிரைப்படையும் இங்கே இருந்தன. இதற்கும் மதில் இல்லை. எஞ்சியிருக்கும் கல் கட்டடங்களை இன்றும் பார்க்கலாம். 1889இல் ராணுவம் விட்டுச் சென்றது. 1900இல் நாடாளுமன்றம் அந்த நிலத்தைக் கன்சாஸுக்குத் தந்தபோது வைத்த நோக்கங்கள் மூன்று: வேளாண் ஆய்வு நிலையம், ஆசிரியர் பயிற்சிப் பள்ளி, பொதுப் பூங்கா. 1902இல் ஆசிரியர் பயிற்சி வகுப்புகள் பழைய படை மருத்துவமனையில் தொடங்கின. அதுவே இன்றைய ஃபோர்ட் ஹேஸ் மாநிலப் பல்கலைக்கழகம். அந்தச் சமவெளியிலிருந்து துரத்தப்பட்ட சேயன், அரப்பஹோ மக்களுக்காக எந்த நிபந்தனையும் அந்தக் கொடையில் இல்லை. இடையில் பூர்வகுடிப் பள்ளி ஒன்று இருந்திராததால், கொடுத்தவர்களுக்கு அவர்கள் நினைவே வரவில்லை போலும்.

மற்றொன்று, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மாரிஸ் வளாகம். அங்கே படைத்தளம் இருந்ததில்லை. கத்தோலிக்கக் கன்னியர் 1887இல் தொடங்கிய பூர்வகுடி உறைவிடப் பள்ளி பின்னர் கூட்டரசின் கைக்கு வந்து, 1909இல் மாநிலத்துக்குத் தரப்பட்டது. நிபந்தனை ஃபோர்ட் லூயிஸுக்கு வைத்ததைப் போன்றதே. அங்கும் இன்றுவரை பூர்வகுடி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமில்லை.

எனவே கட்டண விலக்குக்கு மூலம் படைத்தளம் அன்று, அதன்பின் வந்த உறைவிடப் பள்ளியே. கீழைக்காற்று அவர்களிடம் ஊர்க்காரர் சொன்னது பாதி உண்மை. படைத்தளம் தந்தது பெயர். நிபந்தனை அந்தப் பள்ளியிலிருந்து வந்தது.

---

பாசறைப்பித்தன்

நெடுவழி அவர்களின் திருத்தம் சரியானது. நான் படைத்தளத்தோடு நிறுத்திக்கொண்டதால் அந்த மயக்கத்துக்கு நானும் இடம் கொடுத்துவிட்டேன். கல்லூரியே நெடுங்காலம் இதே மயக்கத்தில் இருந்தது என்று சொல்லலாம். அதன் விளையாட்டு அணிகளுக்கு 1994 வரை 'ரெய்டர்ஸ்' என்ற பெயர் இருந்தது; படையெடுத்துச் சூறையாடுவோர் என்பது பொருள். பிறகுதான் 'ஸ்கைஹாக்ஸ்' என்று பறவைப் பெயருக்கு மாறினர்.

---

கீழைக்காற்று

எல்லோருக்கும் நன்றி. நான் வளாகத்தில் ஒரு மணிக்கூண்டைப் பார்த்தேன். அதன் அடியில் கல்லூரியின் வரலாறு எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்து அருகில் போனேன், எதுவும் இல்லை. எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்? மேலும், ஹெஸ்பெரஸ் அருகில் உள்ள பழைய இடத்தை இப்போதும் பார்க்க முடியுமா?

---

ஏட்டுக்கட்டு

நீங்கள் நின்ற அதே மணிக்கூண்டின் அடியில்தான் வரலாற்றுப் பலகைகள் இருந்தன. உறைவிடப் பள்ளிக் காலத்தை, பிள்ளைகள் மகிழ்ச்சியோடு கைத்தொழில் கற்ற நற்காலமாகக் காட்டும் படங்களும் வாசகங்களும் அவற்றில் இருந்தன. பூர்வகுடி மாணவர்களும் ஆசிரியர்களும் இதைச் சுட்டிக்காட்டிப் பேசி வந்தனர். 2021 செப்டம்பரில், பழங்குடிச் சமூகங்களின் பிரதிநிதிகளும் கூடியிருந்த நிகழ்ச்சியொன்றில், கல்லூரியே அப்பலகைகளைக் கழற்றியது. அதே ஆண்டு கோடையில் கனடாவின் உறைவிடப் பள்ளி வளாகங்களில் குறியிடப்படாத புதைகுழிகள் பற்றி வந்த செய்திகள் இங்கும் கேள்விகளைக் கூர்மையாக்கியிருந்தன.

அடுத்த ஆண்டு கொலராடோ சட்டமன்றம், மாநிலத்தில் இயங்கிய உறைவிடப் பள்ளிகளை ஆராயும் பொறுப்பை மாநில வரலாற்று அமைப்பான ஹிஸ்டரி கொலராடோவிடம் தந்தது. 2023 அக்டோபரில் அறிக்கை வெளியாயிற்று. ஃபோர்ட் லூயிஸில் படித்த காலத்திலேயே இறந்த பல பிள்ளைகளை அது ஆவணங்களிலிருந்து அடையாளம் கண்டது. பழைய தளத்துக் கல்லறைத் தோட்டமும் தரையைத் தோண்டாமல் கருவிகள் கொண்டு ஆராயப்பட்டது. கல்லூரியில் இன்று ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு மாணவர்கள் பூர்வகுடிச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். நூற்றுக்கு மேற்பட்ட சமூகங்களிலிருந்து வருகிறார்கள். அந்தக் கல்லறைகளில் கிடப்போர் அவர்களுள் சிலருக்கு முப்பாட்டன் தலைமுறை உறவினராக இருக்கக்கூடும்.

பழைய இடத்துக்கு வழி சொல்கிறேன். டுராங்கோவிலிருந்து 160ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே ஹெஸ்பெரஸ் வரை சென்று, அங்கிருந்து 140ஆம் மாநிலச் சாலையில் தெற்கே திரும்ப வேண்டும். லா பிளாட்டா மலைகளை முதுகுக்குப் பின் வைத்துச் சில மைல் போனால் ஆற்றங்கரைச் சமநிலம் வரும். 'ஓல்டு ஃபோர்ட்' என்றே ஊரார் சொல்வார்கள். நிலம் இன்றும் மாநிலத்தின் உடைமை; கல்லூரி அங்கே வேளாண் பயிற்சி நடத்தி வந்திருக்கிறது. அது சுற்றுலாத் தலமன்று. முன்கூட்டியே கல்லூரியிடம் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். கல்லறைப் பக்கம் அனுமதியின்றிப் போகாதீர்கள், படம் எடுக்காதீர்கள்.

---

கீழைக்காற்று

அக்டோபரில் மறுபடி அந்தப் பக்கம் வரவேண்டியிருக்கிறது. கல்லூரிக்கு இப்போதே எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே தெரிவிக்கிறேன்.